மறுநாளைக் கேட்கச் சொன்ன மெர்சி அக்கா

வியாழக்கிழமை காலை, முதல் நோயாளியின் கையில் பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டாக்டர் மெர்சி அக்காவின் மகள். வீட்டில் தமிழ் கேட்டே வளர்ந்தும் தெலுங்கில் பதில் சொல்லும் பெண். "அங்கிள், அம்மா இக லேரு" என்றாள். அம்மா இனி இல்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது. பட்டையில் காற்றடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

செகந்திராபாத்தில் ஒரு தேவாலய மண்டபத்தின் மாடியில், ஞாயிறுதோறும் அக்கா டாக்டர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தி வந்தார். வைரஸ் காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கிவிடும் தொல்லைகளே பாடம். அல்வால் பேட்டையின் மருத்துவச் சக்கரவர்த்தியாகிய நான் வருகைச் சான்றிதழுக்காக மட்டுமே அங்கே எழுந்தருளினேன். கடைசி வரிசையில் நான் விட்ட குறட்டையைச் சங்கொலி என்று நம்பி, ஜங்ஷனில் இரண்டு ரயில்கள் நேரத்துக்கு முன்பே கிளம்பிப் போயின.

"நவாபு, எழுந்திருங்க. அடுத்த வாரம் உங்க நோயாளி ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்று என்னை எழுப்பினார் அக்கா.

பாலாநகர் ஆலைத் தொழிலாளி ஒருவரை அழைத்துப் போனேன். காய்ச்சல் விட்டு மூன்று மாதமாகியும் சோர்வு. எல்லாப் பரிசோதனையும் நார்மல். தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொல்லியிருந்தேன்.

"நடந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சு?" அக்கா கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு மேடம்."

"மறுநாள்?"

அவர் என்னைத் தயங்கிப் பார்த்தார். "ரெண்டு நாள் எழுந்திரிக்கவே முடியல. சார் திட்டுவாருன்னு சொல்லல."

கோல்கொண்டாக் கோட்டை மொத்தமும் என் தலையில் இறங்கியது. "ரிப்போர்ட் நார்மலா? அப்ப இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க" என்றார் அக்கா. திட்டக்கூட இல்லை.

சென்ற மழைக்காலத்தில் அக்காவுக்கும் காய்ச்சல் வந்து போனது. அதன்பின் வகுப்புக்கு எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார். ஏன் என்று, நான் தவறிப்போய்ச் சீக்கிரம் போன ஒரு நாளில் தெரிந்தது. பாதிப் படிக்கட்டில், சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, நிஜாம் அரண்மனைக்கா ஏறுறீங்க?"

"நக்கோ, வேணாம் நவாபு, சிரிக்க வைக்காதீங்க. மூச்சு இல்ல. வெளியே சொல்லிடாதீங்க, வகுப்பு நின்னுடும்."

அந்த வாரமே என் கிளினிக்குக்கு வந்தார். நெஞ்சு படபடக்கிறது என்றார். ஈசிஜி எடுத்தேன். நார்மல். "இந்த இன்ஜின் டெல்லி வரைக்கும் நூறு பெட்டி இழுக்கும்!" என்று முழங்கினேன். சிரித்தார். ஆனால் எழவில்லை. ஈசிஜி காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அரை நிமிடம் இருக்கும். நான் அடுத்தவரைக் கூப்பிட மணி அடித்தேன்.

அந்த ரெண்டு கேள்வியைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. பத்து வருடம் அவரிடம் படித்தவன் கேட்கவில்லை.

அம்மாவின் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் மகள். வேண்டாம் என்றேன். அந்த அரை நிமிடம் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் நார்மல் என்று சொன்ன பிறகு, வந்தவர் தானாக எழும் வரை மணியைத் தொடுவதில்லை.

என் வாயில் எதுவும் பத்து மடங்காகும் என்பது ஊரறிந்த செய்தி. இது மட்டும் எண்ணிச் சொல்வது: நார்மல் என்ற பிறகும் நேற்று நாலு பேர் நாற்காலியை விட்டு எழவில்லை.