மண் வாங்காத கோடி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கிறேன், பொய் சொல்வது என் தொழிலில் பாதி, அதனால் அடுத்தவன் பொய் சொன்னால் எனக்கு உடனே தெரிந்துவிடும். நீங்களும் இதைக் கேட்டுவிட்டு இந்த ஆள் கதை விடுகிறான் என்றுதான் நினைக்கப் போகிறீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

என் அக்கா மங்கையை தேவிகாபுரம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். சாயங்காலமானால் கூலி வேலைக்குப் போய் வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள், சம்பளம் எதுவும் கிடையாது. எங்கள் அப்பா செத்த அன்று நல்ல மழை, விறகெல்லாம் ஈரம், மண்ணெண்ணெய் ஊற்றியும் பிடிக்காமல் பழைய சைக்கிள் டயரைப் போட்டு எரித்தோம். அந்தக் கரும்புகையை மாடியிலிருந்து பார்த்தவள் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது, எங்களிடம் சொன்னது பல வருஷம் கழித்துத்தான்.

தொண்ணூற்றெட்டில் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. கடைசி மாதம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

"சேகரு, என்னை எரிக்காதீங்கடா. எனக்கோசரம் ஒரு மரத்த வெட்டிக் கொளுத்த வாணாம். சிமெண்ட்டு சமாதியும் வாணாம். நம்ம கொல்லை மூலையில ஆழமில்லாம ஒரு குழி, அடியில தழை, என்னோட பழைய காட்டன் பொடவை, மேல மக்குன எரு, அதுக்கு மேல மண்ணு. அவ்ளோதான். மக்காதது ஒண்ணுகூட உள்ள வரக்கூடாது. ஒரு புங்கங்கன்னு வெச்சிடு, அதுக்கு நான் சாப்பாடு ஆயிடறேன்."

"சரிக்கா" என்றேன். சத்தியமா என்று கேட்டாள், சத்தியமா என்றேன். என் வாய்க்கு அது பழக்கம்தானே.

குழி வெட்ட ஆளையும் அவளே சொல்லிவிட்டாள். முனுசாமி என்று ஒருவன், சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது, நாற்பது வயதில் அக்காவிடம்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டான். அவள் போன அன்று அழுதுகொண்டே வெட்டினான், வேப்பந்தழையும் புங்கந்தழையும் அவனே கொண்டுவந்து பாய் விரித்தமாதிரி அடுக்கினான். மாமா, அதாவது அக்கா புருஷன், நல்ல மனுஷன், அவள் சொன்னபடியே செய்யட்டும் என்று விட்டுவிட்டார். சொந்தக்காரர்கள்தான், பொணத்தை எருக்குழியில் போடுகிறார்களாமே என்று காதைக் கடித்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. குழிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்ததும் மாமாவின் சித்தப்பா குரல் கொடுத்தார்.

"எல்லாம் சரி, பொறந்த வூட்டு கோடிப்பொடவை எங்க? பட்டுக்கடைக்காரன் அக்கா நூல்பொடவையோட போவறதா?"

நாற்பது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா வேண்டாம் என்று சொன்னாள் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. நான் சொல்லவில்லை. கடைக்கு ஆள் அனுப்பினேன், எந்தப் புடவை என்றும் சொல்லி அனுப்பினேன், அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சாயம் இறங்கிக் கரையோரம் கறை பட்டு மூன்று வருஷமாக விலைபோகாமல் கிடந்த அரக்குப் புடவை அது, மடித்துப் போட்டால் கறை தெரியாது. அந்த ஜரிகையும் வெள்ளி கிடையாது, பிளாஸ்டிக் இழை, பத்துத் தலைமுறைக்கும் மக்காது. அதைத்தான் என் அக்கா மேல் போர்த்தினேன்.

குழிக்குள் நின்றிருந்த முனுசாமி மட்டும், "மொதலாளி, டீச்சரம்மா பட்டு வாணான்னு சொல்லிச்சே" என்றான்.

"உன் வேலையப் பாரு" என்றேன்.

மண் தள்ளி முடிகிறவரை அங்கேயே நின்றேன். நாய் நரி கிளறாமல் இருக்கக் கருவேல முள்ளை வெட்டி மேடு முழுக்கப் பரப்பி, நாலு மூலையில் முளை அடித்துக் கயிறு இழுத்துக் கட்டியதும் நான்தான், புடவை மூட்டை கட்டிப் பழகிய கை, என் முடிச்சு எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை.

மூன்றாம் நாள் காலை பால் தெளிக்கப் போனோம். கயிறு நான் கட்டினபடியே இருந்தது, முடிச்சு அவிழவில்லை, முள் விலகவில்லை. முள்ளுக்கு அடியில், மேட்டின் மேல், அந்த அரக்குப் புடவை இருந்தது. கடையில் மடிப்பதுபோல் மடித்து வைத்திருந்தது. சுற்றிலும் முழங்கால் சேறு, நம்புங்கள், நம்பாமல் போங்கள், அதன் மேல் ஒரு பொட்டு மண் இல்லை, ஈரமும் இல்லை. அரிவாளால் கயிற்றை அறுத்துத்தான் அதை எடுக்க முடிந்தது.

கோடி திரும்பி வருவதாவது, அதைவிட அவமானம் உண்டா. சித்தப்பாவுக்கு ஜல்தியாக ஒரு பதில் வேண்டியிருந்தது, ஓரமாக நின்ற முனுசாமியைக் கை காட்டினார்.

"மண்ணு தள்ளும்போதே உருவிக்கினு போயிருக்கான் இவன். அப்பறம் பயந்துகினு கொண்டாந்து வெச்சிட்டான்."

"நான் எடுக்கலிங்க" என்றான் முனுசாமி. "தோண்டிப் பாருங்க. ஒரு தழை கலைஞ்சிருந்தா என்னை இன்னா வேணா பண்ணுங்க."

யாரும் தோண்டவில்லை. இரண்டு பேர் அவனை அறைந்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தான்.

"நீங்க கட்டுன கயிறுதான மொதலாளி. சொல்லுங்க."

ஆமாம் என்று சொன்னால் பிறகு எப்படி வெளியே வந்தது என்பார்கள், அக்கா வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லவேண்டி வரும், யாராவது மடிப்பைப் பிரித்தால் கறை தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் முனுசாமியை வேலைக்குக் கூப்பிடவில்லை, பெண்டாட்டி பிள்ளையோடு தெள்ளார் பக்கம் போய்விட்டான். பெரிய மனுஷன் மானம் நிற்க வேண்டுமானால் கூலிக்காரன் திருடனாகத்தான் வேண்டும், எங்கள் பக்கத்துச் சட்டம் அது.

ஏழெட்டு வருஷம் கழித்து அவன் செத்த சேதி கிடைத்தது. ஒரு நூல் வேட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே வாசலில் தழையும் எருவும் கூடைகூடையாக இருந்தன, டீச்சரம்மா மாதிரியே தன்னையும் வைக்கச் சொல்லியிருந்தானாம். அவன் மகள் நான் நீட்டிய வேட்டியைப் பார்த்தாள்.

"எங்கப்பா உங்க கோடிய அன்னிக்கும் எடுக்கல, இன்னிக்கும் எடுக்காது. எடுத்துகினு போங்க."

அவள் கத்தவில்லை, அழவுமில்லை. நான் வேட்டியோடு திரும்பி வந்தேன், இது எனக்கு வேண்டியதுதான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதை மாமாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்று முள்ளை விலக்கிப் புடவையை எடுத்தது நான். மூன்று நாள் மழை, ஐப்பசிக் குளிர், எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. புடவை சூடாக இருந்தது. கட்டியிருந்தவள் அப்போதுதான் அவிழ்த்துக் கையில் கொடுத்தால் ஒரு சூடு இருக்குமே, அந்தச் சூடு. எவனும் திருடவில்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. முனுசாமி என்னைக் கேட்டபோது அந்தச் சூடு என் உள்ளங்கையில் இருந்தது.

இன்றைக்கும் காலையில் கடை திறந்ததும், ஆட்கள் வருவதற்கு முன்னால், அடுக்கில் இருக்கிற புடவைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். சில நாள் அதில் ஒன்று சூடாக இருக்கிறது.