தாண்டிய பன்னிரண்டாம் பாகம்

ஒருவருடைய உயிரைப் பற்றிய செய்தியை, அவருடைய நிம்மதிக்காக என்று சொல்லி, அவரிடமிருந்தே மறைக்கும் உரிமையை நமக்கு யார் தருகிறார்கள்? கல்லூரியில் இதைப் பலமுறை விவாதித்திருக்கிறேன். என் வீட்டுக்குள் அது ஓர் ஒலிநூலின் வழியாக வந்தது.

அப்பா காசிமேட்டில் முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். நுரையீரலில் புற்றுநோய் வந்தபின், திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில்தான் பகலெல்லாம் படுத்திருந்தார். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் அங்கிருந்து தெரியும். பொழுது போகட்டும் என்று கைபேசியில் ஒரு தமிழ் ஒலிநூலைப் போட்டேன். பூமியை விட்டுக் கிளம்பிய விண்கப்பலின் கதை. போய்ச்சேரப் பல தலைமுறைகள் ஆகும். ஏறியவர்கள் வழியிலேயே இறந்துபோவார்கள், அவர்களுடைய வம்சம்தான் இறங்கும்.

அப்பாவுக்கு இவ்வளவு பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாலையில் நான் வேலைவிட்டு வருவதற்குள் அம்மா வைத்துக்கொடுத்த தலையணையில் சாய்ந்து தயாராக இருப்பார். எஞ்சின் நின்றால் யார் பார்ப்பது, மூச்சுவிட்ட காற்று எங்கே போகிறது என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பார். கப்பலில் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறார்கள் என்றதும் சிரித்துவிட்டார்.

"தொட்டி மீன தின்னுகினு நூறு வருசமா? அதுக்கு இங்கியே குந்திக்கினு இருக்கலாமே."

பாதிக் கதையில் இருந்தபோது டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். இனி நோய் குணமாகாது, மருந்து ஏற்றினால் சில வாரங்கள் கூடலாம், அவ்வளவுதான் என்றார். நான் அப்பாவிடம் மருந்து நன்றாக வேலை செய்கிறதாம் என்றேன். அதை நம்பி இன்னொரு முறை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். பத்து நாள் வாந்தியில் கிடந்தார். கதை கேட்கக்கூட முடியவில்லை.

பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்து, "போடு" என்றார். அடுத்தது பன்னிரண்டாம் பாகம். நான் அதை முன்பே கேட்டிருந்தேன். சேரவேண்டிய கிரகத்தில் வாழ முடியாது என்பதைக் கப்பலின் அதிகாரிகள் தெரிந்துகொண்டு, பயணிகளிடம் மறைத்து, இன்னும் தூரம் போவதற்காகத் தண்ணீரைக் குறைக்கும் பகுதி. அதைத் தாண்டிப் பதின்மூன்றைப் போட்டேன்.

சற்று நேரத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"முன்னாடி தண்ணி தாராளமா கீதுன்னானுங்க. இப்ப அளந்து ஊத்துறானுங்க. நடுவுல இன்னாத்த வுட்டுட்ட, கண்ணு?"

அவர் கடலைப் பார்த்தபடி பேசினார். டீசல் பாதியாகிவிட்டது என்று தோன்றினால் டேங்கில் கம்பு விட்டுப் பார்த்து, நனைந்த அளவைப் படகிலிருக்கும் அத்தனை பேருக்கும் காட்டுவாராம். மேலே போவதா, திரும்புவதா என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். மீன் கிடைக்காமல் எல்லோரும் சலித்துக் கிடந்த நாளில்கூட அந்தக் கம்பை அவர் ஒளித்ததில்லை.

"டாக்டரு இன்னா சொன்னாரு? கம்ப காட்டு."

முழுவதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்தப் பத்து நாளைப் பற்றி மட்டும், "தெரிஞ்சிருந்தா காசிமேட்டுல படகாண்ட போயிட்டு வந்திருப்பேன்" என்றார். பிறகு பன்னிரண்டாம் பாகத்தைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

அதன்பின் அவர் மருந்து ஏற்றிக்கொள்ளவில்லை. காசிமேட்டுக்குப் போகக் கிளம்பிய இரண்டு முறையும் படியிறங்கும்போதே மூச்சு வாங்கியது, திரும்பிவிட்டோம். நூல் முடிய நான்கு பாகங்கள் இருக்கும்போது இறந்தார்.

இப்போது அம்மாவின் பரிசோதனை முடிவுகளைச் சொல்ல டாக்டர் என்னைத் தனியாக அழைத்தால், அம்மாவையும் அழைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.