வெயிலில் வைத்த லென்ஸ்

பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் நான். மழைக்காலத்தில் என் கேமரா லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அதைக் கொல்லும் என்றார் டவுனில் படம் பிடிக்கும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா.

தோட்டத்தில் ஈரமில்லாத இடம் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிதான். லென்ஸைக் கழற்றி, அங்கே சன்னல் கட்டையில் வெயில் ஊடுருவும்படி நிறுத்திவிட்டு, கீழே மெஷினைப் பார்க்கப் போனேன்.

சற்று நேரத்தில், மாடியில் கொழுந்து பரப்பும் செல்லம்மா கூப்பிட்டாள்.

"ஐயா, உங்க கண்ணாடி வெளிச்சம் பட்டு சாக்கு புகையுதுங்க."

நான் ஏறிப் போவதற்குள் ஈரக் கொழுந்தை அள்ளிப் போட்டு அமுக்கி, நெருப்பை அணைத்திருந்தாள். கொழுந்து பரப்பும் சாக்கில் ஓர் ஓட்டையோடு மாடி தப்பியது. பூஞ்சணமோ அப்படியே இருந்தது.

இப்போது லென்ஸை முற்றத்துச் சிமெந்துத் தரையில் வைத்து, பக்கத்திலேயே குடைபிடித்து உட்காருகிறேன். செல்லம்மா போகும்போதெல்லாம், "புகையுதுங்களா, ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.