வைக்கோல் இல்லாத பெட்டி

வீட்டில் ஆள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே, 'நீங்கள் வீட்டில் இல்லை' என்று அட்டை எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறவர் எங்கள் மெல்பர்ன் தபால்காரர். மணி அடித்துத் தொந்தரவு செய்ய அவருக்குச் சங்கடமாம். மதுராந்தகத்தில் எங்கள் தெருத் தபால்காரர் நேர் எதிர். கடிதம் என் கைக்கு வருமுன்பே அதிலுள்ள சேதி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்காது. ஆனால் இணையத்தில் கடை போட்ட பிறகு, என் பிழைப்பு இப்படிப்பட்டவர்கள் கையில் என்றாகிவிட்டது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருஷங்கள் அவை. எங்கள் பேட்டை நூலகத்தின் கணினி வகுப்பில் கற்றதை வைத்து நானே ஒப்பேற்றிய ஓர் இணையதளம், சரக்கு வைக்கக் காரை வெளியே துரத்திவிட்டுப் பிடித்துக்கொண்ட கராஜ், அவ்வளவுதான். விற்றது அம்மி. மாமல்லபுரத்துப் பட்டறைகளில் சின்ன அளவாக அடிக்கும் அம்மியும் குழவியும். இங்குள்ள தமிழர்கள் அரைப்பதெல்லாம் மிக்ஸியில்தான். ஆனால் கல்யாணத்தில் பெண் எதை மிதிப்பாள், மிக்ஸியையா?

அதற்கு முன் நான் ஒரு கோழிக்கறி ஆலையில் இருந்தேன். உறைய வைக்கும் குளிரில், உரித்த கோழிகளைத் தட்டில் அடுக்கும் வேலை. நான் எம்.காம். படித்தவள். உன் பட்டம் இங்கே செல்லாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இந்த ஊரில் கழுத்தை அறுப்பதென்றாலும் சிரித்துக்கொண்டுதான் அறுப்பார்கள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து கடையைத் தொடங்கினேன். கடை படுத்துவிட்டால் மறுபடியும் அந்தக் குளிர் அறைதான்.

ஊர்ப்பக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன் என் அண்ணன் ஏழுமலை. மாமல்லபுரத்திலிருந்து கல்சிலைகளை ஏற்றிப்போகும் மினி லாரி ஓட்டுகிறவன். கல்லைப் பொறுக்குவது, பெட்டியில் கட்டுவது, துறைமுகத்தில் சேர்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. "கட்ற வேலைய எங்கிட்ட வுட்டுடு பாப்பா. ஒரு கல்லு ஒடைஞ்சா என்ன ஏன்னு கேளு" என்றான். தை மாதக் கல்யாணங்களுக்காக முதல் பெரிய சரக்கு கப்பலேறியது. வந்திறங்கியதும் வீட்டுக்குப் பெட்டி வரவில்லை, ஓர் அட்டைதான் வந்தது. குவாரன்டைன் அலுவலகத்துக்கு நேரில் வரவும்.

அங்கே மேஜைமேல் ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே வைக்கோல் மெத்தை. அதற்குள் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்த அம்மி. மேலே கண்ணேறு படாமலிருக்க வேப்பிலைக் கொத்து. செருப்பில் ஒட்டிய துளி மண்ணுக்கே விமான நிலையத்தில் நாயை விட்டு மோப்பம் பிடிக்கிற தேசம் இது. மரச்சட்டம் கூடாது, சணல் சாக்கு கூடாது என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். வைக்கோல் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. மதுராந்தகத்தில் பிறந்தவளுக்கு வைக்கோல் ஒரு பொருளா என்ன?

அதிகாரி இடுக்கியால் ஒரு கதிரைத் தூக்கிக் காட்டினார்.

"இதில் விதை இருக்கிறது."

"நெல்."

"மஞ்சள் பொடி எதற்கு?"

"மரியாதைக்கு."

"யாருக்கு மரியாதை?"

"கல்லுக்கு."

அவர் 'வழிபாட்டுப் பொருள்' என்று எழுதிக்கொண்டார். இல்லை ஐயா, இது மிளகாய் அரைக்க என்றேன். எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் வழிபடுகிற ஒன்றின்மேல் மிளகாய் அரைப்பீர்களா?" அரைப்போம், அதை மிதிக்கவும் செய்வோம் என்றேன். எழுதியதை அவர் அடித்துவிட்டார். வைக்கோலையும் வேப்பிலையையும் எரித்து, கற்களுக்கு மருந்துப் புகை போட்டுத்தான் தர முடியும், நாளாகும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

நாளானது. முகூர்த்தம் காத்திருக்குமா? கல்யாண வீட்டம்மா தொலைபேசியில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். "என் பொண்ணு செங்கல்ல மிதிக்கணுமா?" கோயிலில் இரவல் வாங்கி ஒப்பேற்றினார்களாம். என்னிடம் அம்மி வாங்கவே வாங்காதீர்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியும் வைத்தாள். அந்தக் கோபத்தோடு நான் ஊருக்குப் போன் போட்டேன்.

"இன்னா பாப்பா, சாமான் வந்துச்சா? ஒண்ணுகூட ஒடையலல்ல?"

"அறிவு கீதாண்ணா உனக்கு? வைக்கோல் எதுக்கு? வேப்பிலை எதுக்கு?"

"நம்ம நெலத்து வைக்கல்மா. மஞ்சா அம்மாதான் இட்டுச்சு. பொண்ணு மிதிக்கிற கல்லு, மூளியாவா அனுப்பறது?"

"நீ எனக்கு அண்ணனா இருக்க வாணாம். சப்ளையரா இருந்தா போதும். சொன்னத மட்டும் செய்."

அவன் பக்கம் பஸ் ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டது. "சரி" என்றான். வழக்கமாக அதற்குப் பின்னால் வருகிற 'பாப்பா' வரவில்லை.

அதன்பிறகு தொழிலை முறைப்படுத்தினேன். பெட்டிக்குள் என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது என்று விதிகள் எழுதி மின்னஞ்சல் போட்டேன். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் உட்காரும் பிரவுசிங் சென்டருக்குப் போய் யாரையோ விட்டுப் படித்திருக்கிறான். பதிலையும் யாரோதான் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும்: 'ரெஸ்பெக்டட் மேடம், கூட்ஸ் டெஸ்பாட்ச்டு.' கீழே அவன் பெயர், முழுசாக, இனிஷியலோடு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரித் திருவிழா காட்டியவனுக்கு நான் மேடமா?

இரண்டாவது சரக்கை அதிகாரி புரட்டிப் பார்த்து, "பர்ஃபெக்ட்" என்று முத்திரை குத்தினார். அடுத்த முகூர்த்தத்துக்கு அம்மிகள் நேரத்தோடு போய்ச் சேர்ந்தன. ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது, கோழி ஆலைக்கு நான் திரும்பவில்லை. நான் சொன்னதில் தப்பே கிடையாது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அந்த இரண்டாவது சரக்கு வந்த அன்று கராஜில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தேன். தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை, நடுவில் கழுவித் துடைத்த மூளிக் கல். விதிகளில் ஒன்றைக்கூட அவன் மீறவில்லை. பாவி, எங்கேயாவது மறந்திருக்க மாட்டானா என்று தெர்மோகோலைத் தூக்கி, பெட்டியின் மூலைகளை விரலால் துழாவினேன், அந்த அதிகாரியைப் போலவே. ஒரு துரும்பு வைக்கோல் கிடைத்திருந்தால் போதும். கிடைத்திருந்தால், சட்டப்படி நானேதான் அதை எரித்திருக்க வேண்டும்.