விற்க மறுத்த ரேம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு புரட்டாசி மாதம் இது நடந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கணவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார். நான் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். கும்பகோணத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் போட்டோக்களை அனுப்புவார். அவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கி, நிறம் திருத்தி நான் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த வேலைக்கான கம்ப்யூட்டரை முழுசாகக் கடையில் வாங்க எங்களுக்கு வசதியில்லை. மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து இரும்புப் பெட்டியும் அதற்குள் இருந்த பவர் சப்ளையும் கிடைத்தன. மதர்போர்டும் பிராசஸரும் தஞ்சாவூரில் பழைய சாமான் கடையில் வாங்கியவை. மானிட்டர், சொந்தக்காரர் வீட்டுப் பரணில் சும்மா கிடந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்து, வீடியோ பார்த்துப் பார்த்து நானே மாட்டினேன். முதல் தடவை ஃபேன் சுற்றித் திரையில் எழுத்து வந்தபோது மாமியார் அதற்குச் சூடம் காட்டினார்.

ஓடியது, ஆனால் திணறி ஓடியது. நாலு பக்கம் திறந்தால் அப்படியே நின்றுவிடும். ஆவணி முகூர்த்தத்து ஆல்பங்களைச் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும், "ஐப்பசிலயும் இப்படி இழுத்தா நான் தஞ்சாவூர்ல குடுத்துடுவேம்மா, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. அந்த ஒரு மாதத்துக்குள், திணறாமல் ஓட இன்னும் கொஞ்சம் மெமரி, அதாவது ரேம், வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் தேடியபோது, எனக்குப் பொருந்துகிற ரேம் ஒன்று கட்டுப்படியாகும் விலையில் இருந்தது. விற்கிறவர் ஒரு பெண். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோர ஊர். அப்பா படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர் என்றும், தான் பிளக்ஸ் பேனர் டிசைன் செய்வதாகவும் போனில் சொன்னார். கீழ்வேளூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு டீக்கடையில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். நான் கும்பகோணம், திருவாரூர் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

என்னைவிடச் சின்னப் பெண். வந்ததும் டீ சொன்னார். ரேமை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்திருந்தார். பொருந்துமா என்று பார்க்க என் கம்ப்யூட்டரின் உட்புறப் படத்தைக் கேட்டார். போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரேம் பொருந்தும்க்கா. ஆனா பவர் சப்ளை ரொம்பப் பழசா இருக்கே. பொட்டியத் தொட்டா ஷாக் ஏதும் அடிக்குதா?"

"லேசா ஜிர்ருன்னு இருக்கும். எறும்பு ஊர்ற மாதிரி. பழகிப்போச்சு. செருப்பு போட்டுக்கிட்டா அதுவும் தெரியாது" என்றேன்.

"ஃப்ரிட்ஜ்ல?"

"அதுலயும் கொஞ்சம் இருக்கும்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். டப்பாவை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இத நான் இப்பத் தர மாட்டேங்க்கா."

எனக்குப் புரியவில்லை. "நீங்க சொன்ன விலைய நான் குறைக்கவே இல்லையே" என்றேன்.

"விலை இல்லக்கா. இதக் கையில குடுத்தா இன்னிக்கே போய்ப் பொட்டியத் திறப்பீங்க. உங்க வீட்டுல எர்த் வேலை செய்யல போல இருக்கு. மொதல்ல ஆள வச்சுப் பாருங்க. பாத்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அதுவரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறப்பேன் என்றேன். இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாரே தவிர பையைத் திறக்கவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு, எனக்குத் திருவாரூர் பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். நான் சரியாகப் பேசவில்லை. வேறு யாரோ கூடுதல் விலைக்குக் கேட்டிருப்பார்கள், அதைச் சொல்லச் சங்கடப்பட்டு எர்த் கதை சொல்கிறார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அது குறுவை நெல் அறுவடை நேரம். சாயங்காலம் வயலிலிருந்து தூசியோடு வந்த கணவரிடம் கோபமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"விக்க வந்த பொண்ணு விக்காமப் போயிருக்கு. அதுல அதுக்கு என்ன லாபம்?"

அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அப்ப ஏதோ விஷயம் இருக்கு. நாளைக்கே எலக்ட்ரீஷியனக் கூப்புடுறேன்" என்றார்.

வந்தவர் ஒவ்வொரு பிளக்கிலும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார். எர்த்தில் வைத்தபோது எங்கேயும் பல்பு எரியவில்லை. வெளியே போய்ச் சுவரோரம் தோண்டினார். கொல்லைப் பக்கம் பாத்ரூம் கட்டியபோது, மண்ணுக்குள் போகிற எர்த் கம்பியை யாரோ வெட்டிவிட்டுப் பூசி மறைத்திருக்கிறார்கள். அதற்குப் பல வருடம் ஆகிறது.

"வீட்டுக்குள்ள எல்லா எர்த் ஒயரும் ஒண்ணோட ஒண்ணு சேந்துதான் இருக்கு. மண்ணுக்குத்தான் போகல" என்றார். "கம்ப்யூட்டர்ல வர்ற ஜிர்ரு பெரிய விஷயம் இல்லம்மா. ஆனா எந்த மெஷின்ல கரண்ட் கசிஞ்சாலும் இப்ப எல்லா மெஷின்லயும் வரும்."

புதுசாகக் குழி எடுத்து எர்த் போட்டார். கசிவு வந்தால் தானாக விழுகிற டிரிப் சுவிட்ச் ஒன்றையும் மாட்டச் சொன்னார். அறுவடைக் கூலி கையில் இருந்ததால் கணவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். வேலை முடிந்து கம்ப்யூட்டரின் இரும்புக் கேபினெட்டைத் தொட்டேன். வெறும் இரும்பாக இருந்தது. இத்தனை நாள் அது அப்படி இருக்கவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். டெஸ்ட் லேம்ப் எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது என்றேன். படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பார்த்துவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு நீங்க கோவமாப் போனீங்கன்னு தெரியும்க்கா. டீக்கடையில வச்சு சொல்ல முடியல. எங்க அக்கா ஃப்ரிட்ஜத் தொறக்கப் போயி எறந்துட்டாங்க. அதுக்கு முன்னாடி கொஞ்ச நாளா லேசா ஜிர்ருங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாங்கதான் செருப்பப் போட்டுக்கிட்டுத் தொறன்னு சொன்னோம்."

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ரேம் மறுநாள் பார்சலில் வந்து சேர்ந்தது, அதே டப்பாவில், பஞ்சோடு.

கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது. ஒரு ஆல்பம் முழுவதையும் திறந்து வைத்தாலும் நிற்கவில்லை. ஐப்பசி முகூர்த்த வேலை வந்தது. கூடவே மழையும் வந்தது. இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து, வாய்க்கால் நிரம்பி, கொல்லையெல்லாம் தண்ணீர்.

மழை விட்ட ஒரு காலை. வீட்டைத் துடைத்துவிட்டு, ஈரம் காயும் முன்பே வேலைக்கு உட்கார்ந்தேன். காலில் செருப்பு இல்லை. இடது கையைக் கேபினெட் மேல் ஊன்றிக்கொண்டு, வலது கையால் பென்டிரைவைச் செருகிக்கொண்டிருந்தேன். கொல்லையில் மாமியார் தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் போட்டார். வீடு மொத்தமும் அணைந்தது.

அப்போது எனக்கு வந்த முதல் நினைப்பு மதர்போர்டு போய்விட்டதோ என்பதுதான். எதையோ தப்பாகச் செருகிக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கணவர் வந்து டிரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டார். உடனே விழுந்தது. திரும்பத் தூக்கினார், திரும்ப விழுந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தூக்கினார். நின்றது. மோட்டாரைத் திறந்து காட்டினார். உள்ளே தண்ணீர் இறங்கி, செம்புக் கம்பிச் சுருள் கருகி, இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சுவிட்சு போட்டப்ப எங்கம்மா இருந்தீங்க?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் கேபினெட்டைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார்.

"போன மாசம் எர்த் போடுறதுக்கு முன்னாடி இது நடந்திருந்தா அத்தனை கரண்டும் இந்தப் பொட்டிக்கு வந்திருக்கும்" என்றார். மாமியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் நின்றார். எனக்குப் பயம் அப்போது வரவில்லை. மத்தியானம் சோறு வடிக்கும்போதுதான் வந்தது.

கீழ்வேளூரில் பார்த்த பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "மோட்டார மாத்திட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு நாங்கள் நேரில் சந்திக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்வோம். வேலை விஷயமாக எந்த வீட்டுக்குப் போனாலும், "இங்க எதையாவது தொட்டா ஜிர்ருன்னு இருக்குமா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் லேசாகத்தான், பழகிவிட்டது என்பார்கள். முன்பெல்லாம் நானும் அதைச் சமாதானமாகத்தான் சொல்லிவந்தேன். இப்போது யார் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தாலும், அவர்கள் என்மேல் எரிச்சல்படுவதைப் பொருட்படுத்தாமல், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.