யசோதா அக்கா எண்ணிய சிறு சாமான்கள்

இந்த நினைவு மலரில் எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. நான் உறவினரும் அல்ல, அவருடன் வேலை செய்தவளும் அல்ல. கூட்டத்தில் நாலு பேர் முன்னால் கதைக்கத் தெரியாதவள். அக்காவின் தம்பி கேட்டதால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் காலையில் பேருந்தில் இருந்தபோது எங்கள் ஞாயிறு விளையாட்டின் வாட்ஸ்அப் குழுவில் யசோதா அக்காவின் பெயர் தெரிந்தது. ஐந்து மாதமாக அந்தக் குழுவில் யாரும் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அக்கா சுகமாகி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, திரும்பவும் விளையாடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஆவலாகத் திறந்தேன். அவருடைய போனிலிருந்து அவருடைய தம்பி எழுதியிருந்தார். டெங்குக் காய்ச்சல். விடியற்காலையில் முடிந்துவிட்டது.

அக்காவை உப தபாலகத்தில் பார்சல் நிறுத்துப் பார்ப்பவராகவே பலருக்குத் தெரியும். ஞாயிறு பின்னேரங்களில் கரவெட்டியில் பிள்ளைகளுக்கு ரியூசன் வகுப்பு நடக்கும் ஒரு கொட்டிலில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். தாளும் பென்சிலும் தாயக்கட்டையும் மட்டும் வைத்து விளையாடும் ஒரு கற்பனைப் பயண விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம். அக்கா கதையை நடத்துவார். மலை வந்தது, ஆறு வந்தது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருப்பார்.

இந்த விளையாட்டில் வாளுக்கும் கேடயத்துக்கும்தான் எல்லோரும் பாரம் பார்ப்பார்கள். அக்கா ஊசியையும் மெழுகுதிரியையும் உப்புப் பொட்டலத்தையும்கூட எண்ணுவார். அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறிய தாள் ஒன்றை எல்லோருக்கும் தருவார். சின்னச் சாமான் ஒன்றுக்கு ஒரு கட்டம். பத்துக் கட்டம் ஒரு பாரம். “சின்னச் சாமானை எண்ணாட்டி ஒருத்தரும் ஒண்டையும் விட்டுட்டுப் போகத் தேவையில்லை. பிறகென்ன பயணம்?” என்பார்.

எங்களில் மூத்தவர் நிரூபன் அண்ணா. மின்சாரப் பொருள் கடையில் வேலை செய்பவர், எதற்கும் பகிடி விடுபவர். இந்தக் கணக்கெல்லாம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன காலத்தில் படித்ததோ என்று ஒருநாள் கேட்டார். அக்கா தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. “எல்லாத்துக்கும் இடம்பெயர்வைக் கொண்டு வராதையுங்கோ. நான் அப்ப கைக்குழந்தை. என்னைத்தான் தூக்கினவை.” நாங்கள் சிரித்து முடிய வெகுநேரம் ஆனது.

எனது பாத்திரம் ஒரு மருத்துவிச்சி. வேர், பட்டை, சிமிழ், நூல் என்று சின்னச் சாமான்கள் நிறைய. எங்கள் வீட்டில் கம்பஸுக்குப் போய்ப் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். கொப்பி முடிந்தால் மட்டையிலும் எழுதி வளர்ந்த வீடு. வெறும் இடத்தைக் கண்டால் கை தானாக எழுதும். அதனால் ஒரு கட்டத்துக்குள் இரண்டு சாமான்களைப் பொடி எழுத்தில் எழுதி வந்திருக்கிறேன். இருபதுக்கு மேற்பட்ட கட்டங்களில் அப்படி.

ஒரு ஞாயிறு கதையில் கயிற்றுப் பாலம் ஒன்று வந்தது. பாலம் தாங்க வேண்டுமானால், எங்களில் ஆகக் கூடிய சுமை வைத்திருப்பவர் ஒரு பாரத்தைக் கரையில் விட வேண்டும் என்றார் அக்கா. கட்டங்களை எண்ணினார். நிரூபன் அண்ணாவுக்குப் பத்துப் பாரம். எனக்கு ஒன்பது. அப்போதுதான் என் தாளை ஒழுங்காகப் பார்த்தேன். சரியாக எழுதியிருந்தால் எனக்குப் பதினொன்று. சொல்ல வாய் எடுத்தேன். எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது. நிரூபன் அண்ணா ஒரு பாரத்துக்குத் தன் கம்பளிப் போர்வையை விட்டார்.

அடுத்த ஞாயிறு பனிமலை வந்தது. தாயக்கட்டை சரியாக விழவில்லை. நிரூபன் அண்ணா இரண்டு வருடம் வைத்து விளையாடிய கிழட்டு வீரன் போர்வையில்லாமல் குளிரில் செத்துப்போனான். ஒரு பகிடியாவது வரும் என்று காத்திருந்தோம். அவர் எழுந்து செருப்பைப் போட்டார். “ஒரு போர்வைக்கு ஆளைக் கொல்லுறதோ? உது உங்கடை தபால் கந்தோர் இல்லை, யசோதா.” அதன்பின் அவர் வரவில்லை. அவர் இல்லாமல் விளையாட்டும் நின்றது. தன் கடைப் பார்சல்களைக்கூட வேறு தபாலகத்துக்குக் கொண்டுபோனார்.

சில நாட்களில் அக்கா என்னைத் தபாலகத்துக்கு வரச்சொன்னார். மேசையில் என் தாள் இருந்தது. இரண்டு சாமான் எழுதிய ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி. ஏசுவார் என்று நின்றேன். “நான் கட்டத்தைத்தான் எண்ணினன், உள்ளுக்கை எழுதினதை வாசிக்கேல்லை. அது என்ரை பிழை. மிச்சத்தை நீர் நிரூபனிட்டைச் சொல்லும். நான் சொன்னால் உம்மைக் காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்.”

ஓம் என்றேன். சொல்லவில்லை. ஒருமுறை கேட்டார், சொல்லுகிறேன் அக்கா என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை. தெருவில் அக்காவைக் கண்டால் நிரூபன் அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை நானே ஒருமுறை பார்த்தேன். ஒரு வார்த்தையில் அக்கா அதை மாற்றியிருக்கலாம். என் பெயரைச் சொல்ல வேண்டிவரும் என்பதால் பேசாமல் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, இன்றைக்கே போய்ச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் என் ஆசிரியர் நியமனம் வந்ததா என்று விசாரித்தார். அந்த ஒரு கேள்விக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. பார்வையாளர் நேரம் முடிந்தது என்றார்கள். வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கும் நான் கரவெட்டிக்கு, நிரூபன் அண்ணாவிடம் போகவில்லை.

செத்தவீட்டில் நிரூபன் அண்ணா வாசல் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். பிரேதம் வெளிக்கிட்டதும் போய்விட்டார்.

பென்சில் புள்ளிகள் போட்ட அந்தத் தாளை அக்கா என்னிடமே தந்திருந்தார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

நிரூபன் அண்ணா, நீங்கள் போர்வையை விட்டிருக்க வேண்டியதில்லை. என் சுமைதான் கூடுதலாக இருந்தது. அக்கா அதை அறிந்தும் உங்கள் கோபத்தைத் தானே வாங்கிக்கொண்டார். என்னை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையன்று இந்த மலரைப் படலையடியில் வைத்து யாராவது உங்கள் கையில் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகாதேயுங்கள். உள்ளே வந்து, அக்காவின் படத்துக்கு ஒரு பூப் போடுங்கள்.