சுடுகாட்டு மல்லியும் என் தங்கை இசக்கியும்

என் தங்கை இசக்கி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்குத் தையல் மெஷின் தர மாட்டோம் என்ற தாராவித் தோல் பட்டறையில் மெஷினில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு ஆண்களுக்குத் தரும் கூலியையே கேட்டு வாங்கினாள். ஒருவராலும் முடியாது என்று சந்தே கைவிட்ட திறந்த சாக்கடைக்கு, முனிசிபாலிட்டிக்காரர்களை நச்சரித்து மூடி போட வைத்தாள். கழுத்தில் வந்த கட்டியை ஒரு முறை கரைத்தாள். அது திரும்பி வந்து மருந்துக்கு மசியாமல் நின்றபோது அவளும் மசியவில்லை. இப்போது கட்டி சிறுத்திருக்கிறது. போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்ல மாட்டேன். இவை எல்லாவற்றையும்விடக் கடினமான ஒன்றையும் ஜெயித்தாள். அது அவள் வீட்டுக்காரர்களின் அறிவு.

நம் தாராவித் தமிழர் சங்கத்து ஆண்டு மலரில் போன வருஷம் 'சாதனையாளர்' பக்கத்தில் நாகராஜ் என்பவரின் படத்தைப் போட்டார்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். 'ஹெர்பல் கேன்சர் கேர்' என்று கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் அதே கடையில் மொபைல் கவர் விற்றார். ஸ்டெதாஸ்கோப்பை அவர் காதில் மாட்டி நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு பக்கம் கிடைக்கும் என்றால் இசக்கிக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். "நீங்களே எழுதுங்க" என்றார்கள். என் எட்டாம் வகுப்புப் படிப்பு போதும் இதை எழுத.

இசக்கிக்கு வந்தது நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய். முதல் தடவை ஊசி மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, கட்டி கரைந்தது, முடி முளைத்தது, மெஷினுக்குத் திரும்பினாள். அடுத்த வருஷம் கட்டி மறுபடி வந்தது. அதே மருந்துகளை ஏற்றினார்கள், கட்டி அசையவில்லை. டாக்டர் ஷ்யாமளா மாட்டுங்காப் பக்கத்துத் தமிழர், நிதானமாகப் பேசுகிறவர்.

"அந்த செல்லெல்லாம் மருந்துக்குப் பழகிடுத்து. உள்ள போற மருந்தைப் பம்பு வச்சு எறைக்கற மாதிரி வெளில தள்ளிடறது. அந்தப் பம்பை அடைக்கறதுக்கு, ஒரு செடிலேர்ந்து எடுத்த மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கறோம். ட்ரையல்னு பேரு. குணமாயிடும்னு நான் வாக்குக் கொடுக்கலை. ரத்தம் மட்டும் சரியா இருந்தா நீங்க சேரலாம்."

"மழைக்கு எங்க சந்துல தண்ணி எறைக்க பம்பு மாதிரியா டாக்டர்?"

"அதேதான்."

"அப்பம் அடைக்கத்தான் வேணும்" என்றாள் இசக்கி.

இந்த இடத்தில்தான் அவள் புருஷன் பூதத்தான் வருகிறார். தோல் வெட்டும் கடை வைத்திருக்கிறார். போனில் வீடியோ பார்ப்பதை அவர் படிப்பு என்று சொல்வார்.

"செடிலருந்து எடுத்த மருந்துன்னு அவியளே சொல்லுதாவ. பெறவு எதுக்குளா ஆஸ்பத்திரி? நேரா செடியவே திங்க வேண்டியதுதான?"

அவருடைய தம்பிகள் பெரிய உண்மையைக் கேட்டதுபோலத் தலையாட்டினார்கள். தலையை வேறு எதற்கும் அவர்கள் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

மறுநாளே நாகராஜ் கடையிலிருந்து ஒரு பாக்கெட் வந்தது. 'சதாபஹார் சூர்ணம்' என்று இந்தியில் அச்சடித்திருந்தது. மேலே இந்தி எழுத்து இருந்தால் அந்த வீட்டில் தவிட்டுக்கும் மரியாதை உண்டு. பூதத்தான் தன் கையாலேயே வெந்நீரில் கலக்கி, காலையும் மாலையும் கொடுத்தார். "அவிய ஆசைக்குக் குடிச்சு வைக்கேன்க்கா" என்றாள் இசக்கி. கொஞ்ச நாளில் விரல் மரத்துப்போய், ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ரத்தத்தைச் சோதித்தார்கள். வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன.

"இந்த ரத்தத்தை வச்சுண்டு ட்ரையல்ல சேர்க்க முடியாது. வேற என்ன சாப்பிடறேள்?" என்று டாக்டர் கேட்டார். நான் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதிலிருந்த பெயரைப் படித்துவிட்டு, சதாபஹார் என்பது இதுதான் என்று தன் போனில் ஒரு பூவின் படத்தைக் காட்டினார். ஐந்து இதழ், ரோஸ் நிறம்.

இசக்கி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "யக்கா! இது சுடுகாட்டு மல்லில்லா!"

எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதற்கு அந்தப் பெயர்தான். வீட்டில் வைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு மெஹக் ஒரு முறை பிரியமாக அந்தச் செடியைத் தொட்டியில் வைத்துக் கொடுத்தாள். "பொணத்துக்குப் போடுத பூவ நடையில வைக்கியா?" என்று தொட்டியோடு அதைத் தூக்கிச் சந்தில் எறிந்தவர் இதே பூதத்தான். அதையே பொடித்து, இந்திப் பெயர் வைத்துக் கொடுத்தபோது, பெண்டாட்டி வாயில் ஊற்றினார்.

"முதல் தடவை உங்களுக்கு ஏத்தின ஊசில ஒண்ணு இந்தச் செடிலேர்ந்து வந்ததுதான்" என்றார் டாக்டர். "சுத்தம் பண்ணி, உடம்புக்குத் தகுந்தாப்ல அளந்து கொடுப்போம். வெறுமனே தின்னா விஷம். அதோட, உங்க கட்டி பழகிப்போனதே அந்த மருந்துக்குத்தான். ட்ரையல்ல கொடுக்கறது வேற செடி."

அதாவது, பொடி கட்டியை ஒன்றும் செய்யவில்லை. அவளைத்தான் செய்தது.

நான் நாகராஜ் கடைக்குப் போனேன்.

"அந்த ஆஸ்பத்திரி ஊசியெல்லாம் கெமிக்கல்ம்மா. நம்மளது இயற்கை" என்றார்.

"அந்த ஊசியும் இந்தச் செடியிலருந்துதான் எடுத்ததாம்."

"அப்படியா?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அடுத்த மூச்சில், "அதான் சொல்லுதேன், அவனே எடுக்கான்னா பாத்துக்கிடுங்க, எவ்வளவு பவர்னு!" என்றார்.

இந்த மூளையைத்தான் மலரில் கலரில் அச்சடித்தோம்.

பொடி நின்றது. ரத்தம் மெல்ல ஏறியது. ட்ரையலுக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆட்கள் சேர்ப்பதை அந்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள், இதை விட்டால் அவளுக்குக் கொடுக்க வேறு மருந்து இல்லை. பூதத்தானுக்கு அப்போதுதான் 'ட்ரையல்' என்ற சொல் காதில் விழுந்ததாம்.

"ட்ரையல் பீஸ நம்ம கடைல எதுல வெட்டுவோம்? கழிவுத் தோல்ல. நீ அவியளுக்குக் கழிவுத் தோலுளா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இசக்கி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ட்ரையல் பீஸ் வெட்டாம ஒருக்கா பெரிய ஆர்டர வெட்டுனீயளே, ஞாபகம் இருக்கா? அத்தன பையும் வாய் கோணிப் போய், பார்ட்டி திருப்பி அனுப்பிச்சான். அந்த வருஷம் முழுக்க அந்தப் பையிலதான வெங்காயம் வாங்குனோம்."

"அது வேறளா."

"என்ன வேற? என்னய வெட்டிப் பாக்கட்டும். பொருந்துனா எனக்கு ஆச்சு. பொருந்தாட்டி அளவு சரியில்லன்னு பின்னால வாறவளுக்காவது தெரியும்லா."

பூதத்தானும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, பேனாவை நீட்டினால் மறுக்க வேண்டும் என்று தயாராக உட்கார்ந்திருந்தார். பேனாவை அவரிடம் யாரும் நீட்டவில்லை.

"சம்மதம் அவங்களோடதுதான், ஹஸ்பெண்ட் கையெழுத்து வேண்டாம்" என்றார் டாக்டர். "எழுதத் தெரியாதுன்னா பெருவிரல் ரேகை போறும். உங்க குடும்பத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லாத ஒருத்தர் கூட இருந்து சாட்சி போடுவா."

மை டப்பா வந்தது.

"வைக்கட்டும், வைக்கட்டும்" என்றார் பூதத்தான். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மதினிதான் கையப் பிடிச்சு அமுக்குனாவன்னு நாலு பேர்ட்ட சொல்லுவேன்." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இசக்கி மை டப்பாவை நகர்த்தி வைத்தாள். "யக்கா, எம்பேர ஒரு தாள்ல எழுதிக் காட்டு. ரேகைன்னாதான உன் மேல பழி வரும்?"

அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. எழுதிக் காட்டினேன். புதுப் பையின் வரைபடத்தைப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த வளைவு உள்ள போணுமா, வெளிய போணுமா?" என்று கேட்டாள். மரத்த விரலால் போட்டுப் போட்டுப் பார்த்தாள். இதற்கிடையில் படிவம் முழுவதையும் டாக்டர் தமிழில் வாசித்தார். புரியாத இடத்திலெல்லாம் இசக்கி அவரை நிறுத்தினாள். சாட்சிக்கு வந்த கல்லூரிப் பெண் சஃப்ரீன் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பக்கத்தில் இசக்கி பேனாவை வைத்தாள். தோலில் ஊசி இறக்குகிற அழுத்தம். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் போயின, ஆனால் நான்கும் இருந்தன.

"ஏட்டி, புள்ளி" என்றேன்.

"எங்க?"

"மூணாவது எழுத்து தலையில."

புள்ளி வைத்தாள், தாளில் ஓட்டை விழுந்தது. தேதியையும் நோயாளியே எழுத வேண்டும் என்றார்கள். பையின் அளவுகளைக் குறித்துப் பழகியவள் என்பதால் எண்கள் அவளுக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் எழுதினாள்: 14.9.2023.